கத்திரிக்கு மேலேயா, கீழேயா?

மார்ச் கடைசியில் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு தொடங்கும். குன்னூரில் நாங்கள் நாலு பேர். குலசேகரன்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடலுக்கு ஐந்து நிமிட நடையில், அம்மா தனியாக. பிள்ளைகளுக்கு முழுப் பரீட்சை முடிந்ததும் நாங்கள் இறங்குவதா, அம்மாவை ஏற்றிக்கொண்டு வருவதா என்பதுதான் அந்தப் பேச்சு. கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். "ஊரே வெயிலுக்குப் பயந்து குன்னூருக்கு ஓடி வருது, நீங்க எதுக்கு அங்க போய் வேகணும்?" என்று எதிர்வீட்டு அக்கா வருஷா வருஷம் கேட்பார். ஏழு வருஷமாக இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டோம். பிழைப்பு மலையிலும் பெற்றவர்கள் கடலோரத்திலுமாக இருப்பவர்கள் இந்தப் பக்கம் நிறைய. அவர்களுக்கு உதவட்டும் என்று எங்கள் கணக்கை எழுதி வைக்கிறேன்.

வெயிலை மட்டும் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1850 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். மே மாதப் பகலில் எங்களுக்கு 25ஐ ஒட்டி நிற்கும்போது அம்மா வீட்டில் 36, 37. ஆனால் கடலோரத்தில் தெர்மாமீட்டர் சொல்வது பாதிதான். மீதியைக் காற்றைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அம்மா வீட்டுக் கோடை நாள் விடியற்காலை நாலரைக்கே தொடங்கிவிடும். எட்டு மணிக்குள் வாசல் தெளித்து, தண்ணீர் பிடித்து, சோறு வடித்து, துணி துவைத்து முடித்துவிடுவார். ஒன்பதுக்கு மேல் நிலக்காற்று ஓய்ந்துவிடும், கடல்காற்று இன்னும் வந்திருக்காது. நாளிலேயே மோசமான நேரம் அதுதான். முருங்கை இலை கூட ஆடாது. வியர்வை வரும், ஆனால் காயாது. காயாத வியர்வையால் உடம்பு குளிராது. தரை நன்றாகச் சூடேறி, அதன் மேலுள்ள காற்று எழும்பிய பிறகுதான் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் வந்துவிட்டால் பிழைத்தோம். மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக வீசுகிற நாளில் அது கடல்காற்றை வாசலிலேயே நிறுத்தி வைத்துவிடும். உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துத் தேரியின் செம்மணல் சூடும் அதோடு சேர்ந்து வரும். "இன்னைக்குக் கச்சான் எறங்குது" என்று அம்மா சொன்னால், மேற்குப் பக்கத்து ஜன்னலைச் சாத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, அதன் மேலேயே படுத்துக்கொள்வது தவிர வேறு வழி கிடையாது.

ஆக, கீழே போனால் பகல் பதினொன்று முதல் நாலு வரை நாளில் ஐந்து மணி நேரம் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் வீட்டுக்குள்தான். பல்லாங்குழி, தாயம், அப்புறம் செல்போனுக்கு அடிதடி. மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்த அடைப்பு முதல் மூன்று நாள் பெரிய தண்டனையாக இருக்கும். நாலாவது நாள் அவர்களே பத்தரைக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு நடுக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். இரவும் சுலபமில்லை. 28 டிகிரிக்குக் கீழே இறங்காத ராத்திரிகள் உண்டு. மொட்டைமாடியில் படுத்தால் காற்று வரும், பனி போல ஒரு பிசுபிசுப்பும் வரும். காலையில் தலையணையை நக்கினால் உப்புக் கரிக்கும் என்று சின்னவன் சொல்வான். நக்கிப் பார்த்துத்தான் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டு ஏன் போகிறோம் என்றால், மீதி நேரத்துக்காக.

காலை ஆறரைக்குப் பனையேறி அண்ணன் சைக்கிளில் பதநீர் கொண்டுவருவார். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவி மரத்தில் கட்டியிருப்பார். அது இல்லாவிட்டால் பதநீர் வெயில் ஏறுவதற்குள் கள்ளாகப் புளித்துவிடும். குருத்தோலையை மடித்து ஒரு பட்டை கட்டி நம் கையில் கொடுத்து, அதில் ஊற்றுவார். மேலே வெள்ளை நுரை, நுரையில் ஒரு தேனீ. ஊதித் தள்ளிவிட்டுத்தான் குடிக்க வேண்டும். முதல் வாயில் இனிப்பு, தொண்டையில் இறங்கும்போது சுண்ணாம்பு லேசாக நாக்கைப் பிடிக்கும். குடித்து முடித்த பட்டையில் இரண்டு நுங்கை வழித்துப் போட்டு இன்னொரு தடவை ஊற்றச் சொல்வாள் பெரியவள். நுங்கு தின்ற வெறும் பனங்காய்க் கூந்தல் இரண்டையும் குச்சியில் கோத்து வண்டி உருட்டுவதில் அந்தக் காலை போய்விடும். மலையில் இதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல முடியவில்லை எனக்கு. சாலையோரத்தில் நுங்கு கிடைக்கிறது, கீழேயிருந்து வருகிறது. முற்றி ரப்பராக இருக்கும்.

மாலை நாலரைக்கு மேல் கடல். அம்மாவும் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரும் மணலில் உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நிற்பார்கள். முழங்கால்தான், அதற்கு மேல் கிடையாது. காற்றும் மழையும் இல்லாத நாளில்கூட தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கேயோ கிளம்பிய அலை திடீரென்று வந்து மோதுவது உண்டு. கள்ளக்கடல் என்கிறார்கள். தென்கோடிக் கரையில் ஏப்ரல், மே மாதங்களில்தான் இதற்கான எச்சரிக்கைகளை அதிகம் பார்க்கிறோம். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துக்கொண்டு போன பிறகு, எச்சரிக்கை வந்த நாளில் நாங்கள் மணல் வரைக்கும் கூடப் போவதில்லை. மலைப் பிள்ளைகளுக்குக் கடலைப் பார்த்தால் பயம் வராது, அதுதான் பயம்.

மீன் விஷயத்தில் ஏமாந்து போகிறவர்கள் உண்டு, நாங்களும் ஏமாந்தோம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. 2017க்கு முன்னால் இது 45 நாளாக இருந்தது. வள்ளமும் நாட்டுப்படகும் போகலாம், ஆனால் அதில் வருகிற மீனுக்குக் கரையிலேயே ஏலம் ஏறிவிடும். பள்ளி விடுமுறையும் தடைக்காலமும் அச்சு மாதிரி பொருந்திக்கொள்வதால், கடலோர வீட்டுக்குப் போய்ப் பருப்புக்குழம்பும் நெத்திலிக் கருவாடும் சாப்பிட்டுத் திரும்புவதே எங்கள் வழக்கமாகிவிட்டது. "மீனும் பிள்ளை பெத்துக்கிடணுமில்லா" என்பார் அம்மா. வேடிக்கை என்னவென்றால், மேற்குக் கரையில் தடை தொடங்குவது ஜூன் மாதத்தில்தான். மே மாதத்தில் குன்னூர் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டியில் மேற்குக் கரை மீன் இருக்கும். கடலுக்கு ஐந்து நிமிட நடையில் இருக்கிற அம்மாவுக்கு இல்லாத மீனை 1850 மீட்டர் உயரத்தில் நான் வாங்கிச் சமைத்திருக்கிறேன். ருசி வேறு, ஒத்துக்கொள்கிறேன்.

சரி, மலைக்கு வருவோம். மே மாதக் குன்னூர் காலை ஒன்பது மணி வரைக்கும் எங்களுடையது. அதற்கப்புறம் சீசனுடையது. ஊட்டி மலர்க் கண்காட்சி, இங்கே சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி என்று அடுத்தடுத்து வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுகிற வண்டிகள் எல்லாம் குன்னூர் வழி, இறங்குவது கோத்தகிரி வழி என்று சீசனில் ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். ஏறுகிற கூட்டம் முழுக்க எங்கள் வாசல் வழியாகத்தான் போகும் என்று அதற்கு அர்த்தம். பிள்ளையை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போக இருபது நிமிஷ வழி ஒன்றே கால் மணி நேரம் ஆகும். ஆட்டோ கிடைக்காது. கிடைத்தால் கேட்கிற காசில் கோயம்புத்தூரே போய்வரலாம் போலிருக்கும்.

2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6000, சனி ஞாயிறில் 8000 வண்டிகள், கொடைக்கானலுக்கு 4000, 6000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். கொஞ்சம் மூச்சு விட முடிந்தது என்றே சொல்வேன். நீலகிரிப் பதிவு எண் உள்ள வண்டிக்குப் பாஸ் வேண்டாம், அரசுப் பஸ்ஸில் வருகிறவர்களுக்கும் வேண்டாம். ஆனால் அம்மாவைத் தெற்கேயிருந்து வாடகைக் காரில் கூட்டி வருவதானால் பாஸ் எடுத்தே ஆக வேண்டும்.

அந்தக் காரில்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு மே மாதச் சனிக்கிழமை. முட்டு வலிக்காரர், பஸ்ஸில் எதற்கு என்று திருச்செந்தூரிலிருந்து கார் பிடித்தோம். கல்லாறு தாண்டியதும் நின்ற வண்டி பர்லியாறு வர இரண்டே முக்கால் மணி நேரம். மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் நின்று நின்று ஏறினோம். அம்மாவுக்கு ஒதுங்க இடமில்லை. வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் காலையிலிருந்து தொடாமல் வைத்திருந்தார் என்பதை நான் பர்லியாறில்தான் கவனித்தேன். வீடு வந்ததும் சாலையிலிருந்து இறங்க 62 படி. அன்றைக்கு இரவு, "ஏட்டி, என்னைய கடக்கரையிலயே விட்டுருங்க" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

இப்போது ரயில்தான். தூத்துக்குடிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் 2024இல் வாரம் இரண்டு நாள் ரயில் விட்டார்கள். மதுரை, பழனி, பொள்ளாச்சி வழி. இரவு ஏறிப் படுத்தால் காலையில் மலையடிவாரம். கீழ் பெர்த் கிடைத்தால் அம்மாவுக்கு அதில் குறையில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பஸ், அதுவும் வார நாளில் மட்டும். மலை ரயிலில் கூட்டிவரலாமே என்று கேட்பார்கள். 1899இலிருந்து குன்னூருக்கு ஓடுகிற ரயில், யுனெஸ்கோ பட்டியலில் 2005இல் சேர்ந்தது, பெருமைதான். சீசனில் டிக்கெட் கிடைக்கிற அதிர்ஷ்டம் எங்களுக்கு ஒரே ஒரு தடவை வாய்த்தது. பல்சக்கரம் கடகடவென்று பிடித்து ஏறுகிற சத்தத்தில் அம்மா ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலோரமாகவே வந்தார்.

மலை வீட்டில் அம்மாவுக்கு உடம்பளவில் நல்லது உண்டா? உண்டு. வியர்க்குரு கிடையாது, தூக்கம் வரும், மத்தியானம் மயக்கமாக வருகிறது என்ற பேச்சு இல்லை. ஆனால் விடியற்காலையில் 15, 16 டிகிரி. நாலரைக்கு எழுகிற பழக்கத்தை மாற்ற முடியாமல், ஸ்வெட்டரும் சாக்ஸும் போட்டுக்கொண்டு சமையலறையில் நிற்பார். முட்டு பிடித்துக்கொள்ளும். பகல் வெயில் சுடவில்லையே என்று மொட்டைமாடியில் உட்கார்ந்தால் முகம் கறுத்து உரியும். உயரம் கூடக்கூட புற ஊதாக் கதிரும் கூடும், ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 10 சதவீதம். குளிர்ந்த காற்றில் அது உறைக்காது, அவ்வளவுதான்.

சமையலில் நடந்ததைச் சொல்ல வேண்டும். முதல் வருஷம் குக்கரைத் தொடமாட்டேன் என்று பித்தளைப் பானையில் துவரம்பருப்பைப் போட்டுவிட்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பருப்பு முழிக்கிறது. பருப்பு பழசு என்றார், அடுப்பு சரியில்லை என்றார், கடைசியில் என் தண்ணீரைக் குறை சொன்னார். எங்கள் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடாகாது. பெரியவள் அறிவியல் புத்தகத்தைக் கொண்டுவந்து விளக்கினாள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப இங்க உள்ள தண்ணிக்கே குளிருது" என்று சொல்லிக் குக்கரை எடுத்தார்.

வத்தல் கதையும் இதே மாதிரிதான். கூழ் காய்ச்சி ஊற்றினால் அம்மா வீட்டு மாடியில் இரண்டே நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். இங்கே காலையில் காயும், மூன்று மணிக்கு மஞ்சு இறங்கி மறுபடி ஈரமாக்கும். ஐந்தாம் நாள் பூஞ்சை. ஒரு வருஷத்துக்கு வேண்டிய வத்தலும் மோர்மிளகாயும் கோடையில் அவர் கையால் ஆனால்தான் அவருக்குக் கோடை. இதைக் கணக்கில் சேர்க்காமல் முதல் இரண்டு வருஷம் வெயிலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதைவிடப் பெரியது ஆள் பேச்சு. அங்கே நாலு மணிக்குத் திண்ணையில் ஆள் சேர்ந்துவிடும். இங்கே எதிர்வீட்டு அக்காவுக்கு சீசனில் தங்கும் அறை வேலை, பக்கத்து வீட்டில் இருவரும் எஸ்டேட் வேலைக்குப் போய்விடுவார்கள். என் வீட்டுக்காரர் தேயிலை ஃபேக்டரியில் இருக்கிறார். ஏப்ரல், மே, ஜூன் கொழுந்து கொட்டுகிற காலம், ராத்திரி பத்துக்குத்தான் வருவார். நானும் பாதி நாள் வேலைக்குப் போவேன். அம்மா ஜன்னலோரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு கார் எண்ணுவார். "ஏட்டி, இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் இருநூத்தி முப்பது." சாயங்காலம் வாசலில் போய் நிற்கலாம் என்றால் காட்டெருமை நிற்கும். எங்களுக்கு அது பழகிவிட்டது, நாங்கள் ஒதுங்கி வழி விடுவோம். பலாப்பழ வாசத்துக்குக் கரடியும் வரும் காலம் என்பதால் இருட்டியபின் பிள்ளைகளையும் வெளியே விடுவதில்லை. பார்க்கப்போனால், கடலோரத்தில் பகலில் அடைந்து கிடக்கிறோம், மலையில் மாலையில். முதியவர்களுக்கு எந்த நேரத்தில் ஆள் வேண்டுமோ அந்த நேரம் அங்கே திறந்திருக்கிறது, இங்கே சாத்திக் கிடக்கிறது.

தண்ணீரைப் பற்றி நீட்டவில்லை. அங்கே கிணற்றில் இருக்கும், கரிக்கும். இங்கே இனிக்கும், கோடையில் நாள் கணக்கில் வராது. குடம் பிடிப்பது இரண்டு இடத்திலும் நான்தான்.

செலவு? நாங்கள் நால்வர் இறங்கி ஏறுவதற்கு ஸ்லீப்பர் டிக்கெட்டும் பஸ்ஸும் பெரிய தொகை இல்லை. கீழே ஏசி போடுவதா என்று ஒரு வருஷம் யோசித்தோம். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்துக்குள்ளேயே அடங்குகிற வீடு அம்மாவுடையது. சின்ன அறைக்கான ஏசியும் மணிக்கு ஒரு யூனிட் அளவுக்கு இழுக்கும். மீட்டர் எகிறிப் பில் வந்தால், நாங்கள் மலையேறிய மறுநாளே அம்மா அதற்குத் துணி போட்டு மூடிவிடுவார். அதனால் ஏர் கூலரா என்றால், கடலோர ஈரக்காற்றில் அது பிசுபிசுப்பைக் கூட்டுவதோடு சரி. வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கடைசியில் பலன் கொடுத்தது மாடியில் போட்ட தென்னங்கீற்றுப் பந்தல். அறையின் அனல் நன்றாகத் தணிந்தது.

சின்னக் குழந்தை உள்ளவர்களுக்கு என் யோசனை வேறு. சின்னவன் ஒன்பது மாதக் குழந்தையாக இருந்த வருஷம் மே நடுவில் இறங்கினோம். மூன்றாம் நாளே வியர்க்குரு புண்ணாகி, பால் குடிக்காமல் அழுது, டாக்டரிடம் ஓடி, ஒரு வாரத்தில் திரும்பினோம். கைக்குழந்தை, இதய நோய்க்காரர், கர்ப்பிணி இருந்தால் கத்திரியில் கடலோரம் வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன். முட்டு வலி மட்டும்தான் என்றால் மலையைவிடக் கடலோரமே தேவலை. படி இல்லாத வீடாக இருந்தால் மட்டும் மலை.

போன வருஷத்திலிருந்து நாங்கள் நாளைப் பிரித்துக்கொண்டோம். அக்கினி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கும். பரீட்சை முடிவதற்கும் அதற்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு நாள் கிடைக்கிறது. அப்போது நானும் பிள்ளைகளும் இறங்குகிறோம். பதநீர் இருக்கும், கச்சான் இன்னும் முழு வேகம் பிடித்திருக்காது, வத்தல் போடுகிற வேலைக்கு மூன்று ஜோடிக் கை கூடுதலாகக் கிடைக்கும். என் வீட்டுக்காரர் வர முடியாது. அது ஒரு குறைதான், ராத்திரி போனில் சின்னவன் அவரிடம் தினமும் ஒரே கதையைச் சொல்கிறான். திரும்பும்போது அம்மாவும் கூட வருகிறார், மே 20 வரைக்கும் என்ற ஒப்பந்தத்தில். போன வருஷம் 18ஆம் தேதியே மூட்டை கட்டிவிட்டார், நான் தடுக்கவில்லை. கத்திரி அதற்கப்புறமும் பத்து நாள் இருக்குமே என்று கேட்டதற்கு, "அது எனக்கு அறுவத்தெட்டு வருசமாத் தெரிஞ்ச வெயிலுட்டி" என்றார்.

இந்த வருஷம் மாற்றம் இரண்டு. அம்மாவின் கட்டிலைத் தெருவைப் பார்த்த அறைக்கு மாற்றிவிட்டேன். எதிர்வீட்டு அக்காவின் தங்கும் அறைகளுக்குக் காலைப் பலகாரம் செய்து கொடுக்க ஆள் வேண்டுமாம், அதற்கு அம்மாவைக் கேட்டிருக்கிறேன். இட்லியும் கருப்பட்டிப் பணியாரமும். போனில் அம்மா முதலில் கேட்டது, "அங்கன மாவு பொங்குமா?" என்றுதான். பொங்கும், ஆனால் ராத்திரி அடுப்புப் பக்கத்தில் வைத்து, மேலே கம்பளி போர்த்த வேண்டும் என்றேன். அப்படியானால் தன் பெரிய மண்பானையையும் ரயிலில் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறார்.